ஷட்டவுன் செய்தும் தீராத கோளாறு ரீஸ்டார்ட்டில் தீருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்பைத் தினமும் இரவு ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வைஃபை விட்டுவிட்டு வருகிறது, பிரவுசர் இழுக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் உடனே சரியாகிறது. ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே?

பதில்: விண்டோஸில் ஒன்றல்ல. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றொரு வசதி பெரும்பாலான கணினிகளில் ஆன் ஆகியே இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி), வைஃபை போன்ற உறுப்புகளை இயக்கும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே ஒரு கோப்பாக டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே ரேமில் தூக்கி வைக்கப்படும். திங்கட்கிழமை குழம்பிப்போன வைஃபை டிரைவர் வெள்ளிக்கிழமையும் அதே குழப்பத்தோடுதான் எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் துடைக்கப்பட்டு முதலிலிருந்து தொடங்கும். பெயரை வைத்துப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். அது உங்கள் தவறல்ல.

இதை நேரிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘சிபியு’வைத் தேர்ந்தெடுங்கள். கீழே ‘அப் டைம்’ என்று 4:09:12:37 மாதிரி ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் இருப்பது நாள் கணக்கு. நேற்று இரவு ஷட்டவுன் செய்த கணினி இன்று காலை நான்கு நாள் என்று காட்டினால் காரணம் இதுதான்.

நிரந்தரமாக நிறுத்த: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடதுபக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. அங்கே டிக் பெட்டிகள் மங்கலாக இருக்கும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்ற வரியைத் தட்டினால் உயிர் பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) உள்ள கணினியில் இதனால் கூடும் நேரம் சில வினாடிதான். நிறுத்த மனமில்லை என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுனைத் தட்டுங்கள். அந்த ஒரு முறை முழுதாக அணையும். விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதை அணைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறக்கும்போது படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

கேள்வி: எட்டு வருடப் பழைய லேப்டாப். ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துத்தான் கைக்கு வருகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவக்கிறது. ரேமைக் கூட்டலாமா, விண்டோஸை மறுபடி போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், முதலில் உள்ளே இருப்பது என்ன டிஸ்க் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே டிஸ்க் பெயருக்குக் கீழே ஹெச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். ஹெச்டிடி, அதாவது சுழலும் ஹார்ட் டிஸ்க், என்றால் விடை கிடைத்தாயிற்று.

லேப்டாப்களில் வந்த ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேவையான இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசியும் நகர வேண்டும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கோப்புகளை வினாடிக்கு நூறு தடவைகூட அதனால் எடுக்க முடியாது. எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை எடுக்கும். இன்றைய விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அதனால்தான் வினாடிக்கு 2 எம்பிதான் போகிறது என்று காட்டும்போதே டிஸ்க் 100 சதவீதம் என்றும் காட்டும்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை: கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05 (இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள்), சி5 (சந்தேகத்துக்குரிய செக்டர்கள்) ஆகிய இரண்டு வரிகளில் கடைசி எண் சுழியமாக இருக்க வேண்டும். அந்த எண் பதினாறடி முறையில் காட்டப்படும். 1ஏ என்று இருந்தால் அது 26. சுழியம் இல்லையென்றால் வேறெதுவும் செய்வதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். டீஃப்ராக், வைரஸ் ஸ்கேன் எல்லாம் சாகக் கிடக்கும் டிஸ்க்கை இன்னும் ஓடவைத்துக் கொல்லும் வேலை.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்தில் உட்காரும். அதன் தடிமன் 7 மில்லிமீட்டர்; பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால், தொளதொளக்காமல் இருக்க உடன் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். குளோன் செய்வதாக (பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுப்பதாக) இருந்தால் பழைய டிஸ்க்கின் மொத்த அளவைப் பார்க்காதீர்கள், அதில் பயன்பட்டிருக்கும் அளவைத்தான் பார்க்க வேண்டும். 1 டிபி டிஸ்க்கில் 180 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ரேம் 4 ஜிபி என்றால் அதையும் 8 ஆக்குவது நல்லது, ஆனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டிதான் முதலில்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த குடும்ப வரலாற்றுக் கோப்பு. இப்போது புதுக் கணினியில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டியதுபோல் இருக்கிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை. கோப்பில் ஓர் எழுத்தும் கெடவில்லை. கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில் வந்து, பின்னாலும் நெடுநாள் நீடித்த பழக்கம் இது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துரு என்று கொடுத்தார்கள். கோப்பில் சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்து. கண்ணுக்குத் தெரிந்தது தமிழ். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். ஜே தகரம், கே மகரம், பி இகரக் கொக்கி, ஓ ழகரம், அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி. புதுக் கணினியில் பாமினி இல்லை, அதனால் வேடம் கலைந்துவிட்டது.

முதலில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க வேண்டும். வேர்டு கோப்பானால் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து மேலே எழுத்துருப் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். பிடிஎஃப் ஆனால் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘ஃபான்ட்ஸ்’ பகுதி. பாமினி, டிஸ்கி, வானவில், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரிசை வேறு. பாமினிக் கோப்பை டிஸ்கி என்று சொல்லி மாற்றினால் வேறொரு குப்பைதான் கிடைக்கும். படிக்க மட்டும் போதும் என்றால் அதே எழுத்துருவை நிறுவினாலே போதும். தேட, திருத்த, மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமானால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதைச் செய்யும்.

‘ஃபைண்ட் ரீப்ளேஸ்’ போட்டு நாமே மாற்றிவிடலாமே என்று சிலர் இறங்குவார்கள். ஒற்றைக் கொம்பில் மாட்டிக்கொள்வார்கள். பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பின்னால், பார்க்கும் வரிசை. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால், ஒலிக்கும் வரிசை. மாற்றி மென்பொருள் இடம் மாற்றிப்போடும், ஃபைண்ட் ரீப்ளேஸ் போடாது.

இன்னொரு பொறி: கோப்புக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். அந்தப் பத்திகளை ஒதுக்கிவிட்டுப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம்.

கேள்வி: உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் யூனிகோடில்தான் வைத்திருக்கிறேன். கண் முன்னால் ‘சௌந்தரி’ என்று இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்களும் பாதி கிடைக்கிறது, பாதி கிடைப்பதில்லை.

பதில்: முந்தைய கேள்விக்கு இது தங்கை. இரண்டு பேர் வேறு வேறு விதமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

‘சௌ’வுக்குச் சோதனை எளிது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். சரியாகத் தட்டியிருந்தால் ஔகாரக் குறி முழுதாகப் போய் ‘ச’ மிஞ்சும். ‘செ’ மிஞ்சினால், யாரோ கொம்பு போட்டு அதன்பின் ளகரத்தையே தட்டியிருக்கிறார்கள். திருத்தும்போது அவசரப்படாதீர்கள். கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஔகாரமாக்கினால் வெள்ளையன், தெளிவு, வெளியூர் எல்லாம் சேர்ந்து நாசமாகும். ‘செளந்தரி’யை ‘சௌந்தரி’யாக, ‘கெளரி’யை ‘கௌரி’யாக, முழுச் சொல் முழுச் சொல்லாகவே மாற்றுங்கள்.

ஸ்ரீக்கு வேறு கதை. அதை ஸகரம் வைத்தும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். எக்செல்லில் பக்கத்துக் கட்டத்தில் ‘யூனிகோட்’ என்னும் ஃபார்முலாவை அந்தப் பெயர் இருக்கும் கட்டத்துக்குப் போடுங்கள். முதல் எழுத்தின் எண்ணைத் தரும். 3000 என்றால் ஸ, 2998 என்றால் ஶ. எது உங்கள் பட்டியலில் குறைவோ அதை மற்றதாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் சிறியதாக இருந்தாலும் இரண்டு மூன்று என்று கணக்காகிறதே?

பதில்: ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்துவிட்டாலும் மொத்தச் செய்தியும் வேறு முறைக்கு மாறி இடம் 70 ஆகிவிடும். அதிலும் கணக்கு நம் கணக்கல்ல: ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு ஏழு, ஒவ்வொரு புள்ளியும் தனி இடம். 70ஐத் தாண்டினால் துண்டுகளாகும், துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டுக்கு 67தான்.

கேள்வி: போன் மூன்று வருடம் ஆகிறது. 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது, பெரும்பாலும் கேமரா திறக்கும்போது. சார்ஜரில் மாட்டி ஆன் செய்தால் 28 சதவீதம் என்று காட்டுகிறது! ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: ரீசெட் செய்தால் படங்கள்தான் போகும், கோளாறு போகாது. ‘கேமரா திறக்கும்போது’ என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

சதவீதம் என்பது பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்ற மதிப்பீடு. போன் அணைவது சதவீதத்தைப் பார்த்தல்ல, வோல்ட்டைப் பார்த்து. பழகிய பேட்டரியில் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, கூடும். கணக்காகப் பார்ப்போம்: பேட்டரியில் 3.7 வோல்ட் இருக்கிறது, கேமராவும் திரையும் பிராசசரும் சேர்ந்து ஒரு நொடி 2 ஆம்பியர் இழுக்கின்றன. உள்தடை 0.05 ஓம் என்றால் 0.1 வோல்ட் சரிந்து 3.6இல் நிற்கும், ஒன்றும் ஆகாது. 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.5 வோல்ட் சரிந்து 3.2. போனின் கீழ் எல்லை 3.3 என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் அணைந்துவிடும். அணைந்ததும் சுமை இல்லை, வோல்ட் பழையபடி ஏறிக்கொள்ளும். ஆகவே மறுபடி ஆன் செய்தால் 28 சதவீதம் அப்படியே இருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

உறுதி செய்ய: 35 சதவீதத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, சும்மா ஒரு புத்தகத்தைத் திறந்து வையுங்கள். 10 சதவீதம் வரை தாங்குகிறதா? மறுபடி சார்ஜ் செய்து, அதே 35இல் ஃபிளாஷோடு வீடியோ எடுங்கள். உடனே அணைந்தால் பேட்டரியின் உள்தடைதான். லேசான சுமையிலும் சதவீதம் 35லிருந்து 12க்கு ஒரே தாவாகத் தாவினால் அளவுமானி தடம் மாறியிருக்கலாம். ஒருமுறை தானாக அணையும்வரை பயன்படுத்தி, இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றிப் பாருங்கள். ஒருமுறை போதும். வாரம் ஒருமுறை காலி செய்து ஏற்றுவது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல்.

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, ‘பேட்டரி ஹெல்த்’ என்று போனால் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிச்சம் என்று காட்டும். 80க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேசையில் மல்லாக்க வைத்தால் போன் பம்பரமாகச் சுற்றுகிறது, ஓரத்தில் திரை பிரிந்து வெளிச்சம் கசிகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்குமேல் சார்ஜ் போடக் கூடாது, அமுக்கி மூடக் கூடாது, குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று ஊசியோடு போகவே கூடாது. உள்ளே இருப்பது வெறும் காற்றல்ல, தீப்பிடிக்கும் வாயு.

கேள்வி: வேக சார்ஜர் வாங்கியும் ‘சார்ஜிங் ஸ்லோலி’ என்றே காட்டுகிறது. கேபிளும் அடிக்கடி கழன்று விழுகிறது.

பதில்: கழன்று விழுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கேபிளைச் செருகி ஓரத்திலிருந்து பாருங்கள். முனையின் பிளாஸ்டிக்குக்கும் போனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளி நிற உலோகம் தெரிகிறதா? சட்டைப் பையின் நூல்தூசி ஒவ்வொரு முறை செருகும்போதும் உள்ளே அமுங்கி அமுங்கிப் பஞ்சுக்கட்டியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, சுவரோரமாகக் கிளறி எடுங்கள். டைப் சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது, தொடர்புப் புள்ளிகள் அதில்தான். அதை நெம்பிவிட்டால் போர்டு வேலைதான். குண்டூசி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

தூசி எடுத்தும் வேகம் வரவில்லையென்றால் சார்ஜர், கேபிள், போன் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. சார்ஜரில் ‘அவுட்புட்’ என்ற பொடி எழுத்தைப் படியுங்கள். ‘5 வோல்ட் 2 ஆம்பியர்’ மட்டும் இருந்தால் அது 10 வாட், வேக சார்ஜரே இல்லை. ‘9 வோல்ட் 2.22 ஆம்பியர்’ என்றும் சேர்ந்து இருந்தால் 20 வாட். ஆனால் 9 வோல்ட் சும்மா வந்துவிடாது. போனும் சார்ஜரும் கேபிள் வழியாகப் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் சார்ஜர் வோல்ட்டை ஏற்றும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டால் பாதுகாப்பாக 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். சில நிறுவனங்களின் போன்கள் தங்கள் சொந்தப் பாஷை தவிர வேறெதிலும் முழு வேகம் போகாது. 65 வாட் என்று எழுதிய வெளிச் சார்ஜர் அங்கே 10 வாட்தான் தரக்கூடும்.

சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் தொட்டதுபோல் குதிக்கிறதா? அதுவும் மட்டமான சார்ஜரின் வேலைதான். மின்னிரைச்சல் தொடுதிரைக்குள் கசிகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் திரையை மாற்றச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: புளூடூத் இயர்பட்ஸில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. லேப்டாப்பில் வீடியோ கூட்டத்தில் சேர்ந்த உடனே எல்லார் குரலும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. இயர்பட்ஸ் மோசமா?

பதில்: இல்லை. பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு வேறு பாதை. பாட்டு கேட்கும் பாதை ஒருவழி, நல்ல தரம். இயர்பட்ஸின் மைக்கும் தேவை என்று வந்தவுடன் லேப்டாப் ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்னும் இருவழிப் பாதைக்குத் தாவும். அதில் ஒலி மோனோ ஆகி, வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கிவிடும். பாட்டுக்கு 44,100. வித்தியாசம் காதில் விழத்தானே செய்யும்!

தீர்வு அரை நிமிடம். கூட்டச் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கர் இயர்பட்ஸாகவே இருக்கட்டும், மைக்ரோபோனை மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள். குரல்கள் உடனே தெளியும். அறையில் மின்விசிறிச் சத்தம் அதிகமென்றால் வயர் வைத்த ஹெட்செட்தான் நல்லது. எல்இ ஆடியோ என்ற புதிய முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் லேப்டாப், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாலே வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று.

பதில்: மவுஸின் சின்ன ரிசீவர், ஹார்ட் டிஸ்க் செருகிய துளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? யூஎஸ்பி 3.0 சாதனம் வேலை செய்யும்போது அதன் கேபிளும் முனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். மவுஸ் பேசுவதும் அதே பட்டையில். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சாண் நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷனில் மாட்டித் தள்ளி வையுங்கள். 2.4 வைஃபையும் அப்போது மந்தமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் காலையில் எந்த இணையதளம் திறந்தாலும் ‘யுவர் கனெக்‌ஷன் ஈஸ் நாட் பிரைவேட்’. ஆன்டிவைரஸை எடுத்துவிட்டுப் பார்த்தும் அதேதான்.

பதில்: ஆன்டிவைரஸைத் திரும்பப் போடுங்கள், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை’ என்று இருக்கும். உங்கள் கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் நம்ப மறுக்கிறது.

தேதியைச் சரிசெய்தால் இன்றைக்கு ஓடும். நாளை மறுபடி வந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். 2025 என்று மெலிந்த ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்டால் கவ்வியில் பிடிப்பு இருக்காது. மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, பழையதை நகத்தால் கவ்வியை விலக்கி எடுங்கள். எழுத்துப் பொறித்த, கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், பயோஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் மாறியதைப் பார்த்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள், அந்தக் கணினியிலேயே சேமித்து வைக்காதீர்கள்.

கேள்வி: 64 ஜிபி பென்டிரைவில் 40 ஜிபி காலி. 6 ஜிபி வீடியோவை ஏற்ற முடியவில்லை, இடமில்லை என்பதுபோல் ஏதோ சொல்கிறது.

பதில்: ஃபேட் 32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, எவ்வளவு காலியிடம் இருந்தாலும் சரி. உள்ளிருப்பதை நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். மிகப் பழைய டிவியில் போட்டுப் பார்ப்பவரானால் அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். படிக்காவிட்டால் வீடியோவைத்தான் இரண்டாக வெட்ட வேண்டும். 64 வாங்கினால் 59.6 காட்டுவது ஏமாற்றல்ல: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

கேள்வி: போனில் இடமில்லை என்று ஆயிரம் படங்களை அழித்தேன். அப்புறமும் இடம் கூடவில்லை.

பதில்: அழித்தவை குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், பேக்கப் ஆகாதது 30 நாள் தொட்டியில் இருக்கும். அதைத் திறந்து காலி செய்யுங்கள். ஆனால் ஒத்திசைவு ஆன் ஆகியிருந்தால் தொட்டியில் போனது மேகத்திலிருந்தும் (கூகுளின் இணையச் சேமிப்பிலிருந்தும்) போகும் என்பதை மறக்க வேண்டாம். போனில் மட்டும் அழிக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாகவே இருக்கிறது.

அடுத்தது வாட்ஸ்அப்: செட்டிங்ஸ், ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. பலமுறை ஃபார்வேர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று பிரித்தே வைத்திருக்கும். காலை வணக்க வீடியோக்கள் மட்டுமே பல ஜிபி தேறும். போன் செட்டிங்ஸில் ஆப் பக்கத்தில் ‘கிளியர் கேஷ்’ எப்போது வேண்டுமானாலும் தட்டலாம். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’ அப்படியல்ல, ஆப்பைப் புதிதாக நிறுவியதுபோல் துடைத்துவிடும். பேக்கப் எடுக்காத அரட்டை அதோடு போய்விடும்.

கேள்வி: நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது.

பதில்: போனில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உண்டு, ஸ்பீக்கரில் பேசும்போது பல போன்கள் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே பழுது அடியில், சார்ஜிங் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கில். கவரைக் கழற்றிப் பேசிப் பாருங்கள். வேறு போனுக்கான கவர் அந்தப் பொடித் துளையை மூடியிருக்கும். அது இல்லையென்றால் மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். சிம் எடுக்கும் ஊசியை அந்தத் துளையில் குத்தினால் மைக்கின் சவ்வு கிழிந்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

பதில்: ஒரு நிமிடம்கூட வேண்டாம். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, அதன் மாவும் துகளும் துளைக்குள் போகும். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் வேண்டாம் என்கிறது. உடனே அணையுங்கள், சிம் தட்டை வெளியே எடுங்கள், சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள், மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். இடையில் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று சார்ஜரைச் செருகுவதுதான் பல போன்களைக் கொல்கிறது. விழுந்தது உப்பு நீரிலோ சோப்பு நீரிலோ என்றால் காய்ந்த பிறகும் உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஆன் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல், திறந்து சுத்தம் செய்பவரிடம் அன்றைக்கே கொடுங்கள்.